நுண்கணிதமும் நம் முன்னோர் கணக்கும்

2015ஆம் ஆண்டு மகாவீரர் ஜெயந்தியன்று சேலத்தில் யாம் ஓர் உரை நிகழ்த்தினோம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் ஆகிய பகுதிகளினின்று பணியின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் சேலம், இராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு முதலிய ஊர்களில் வந்து தங்கிய நம் குடும்பங்கள் சில ஒன்றுகூடிய சிறு விழா அது. இவ்வட்டாரத்திற்கு நாம் பின்னர் வந்தவர்களே எனினும் சமணம் இங்குப் புதிதன்று. பரமத்தி வேலூரைக் கடந்து காவிரியின் தென்கரைக்குச் சென்றால், புகழூர் ஆறுநாட்டார் மலையில், சமண முனிவர் செங்காயபனுக்குச் சேரர் குடியினர் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தியைக் கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைக் காணலாம். அம்மலையைக் குறிப்பிட்டே உரையைத் தொடங்கினோம். அந்த உற்சாகம் முடிவுவரை குறையாததால், "நியூட்டனுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நுண்கணிதத்தைக் கண்டவர் நம் மகாவீராசாரியர்" என்று முழங்கி அமர்ந்தோம். பலத்த கைத்தட்டல் எழுந்தது.

உணவு வேளையில் மாணவி ஒருத்தி எம்மிடம் வந்தாள். நாமக்கல்லை அடுத்த ஒரு விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தவள். "ஐயா, நீங்கள் சொன்னது எந்த நூலில், எந்தச் சுலோகத்தில் இருக்கிறது? எங்கள் கணக்கு ஆசிரியரிடம் காட்ட வேண்டும்" என்றாள். "கணித சார சங்கிரகத்தில் இருக்கிறது அம்மா, தேடிப் பார்" என்றோம். உண்மையில் அந்நூலை யாம் அதுவரை கண்ணாற் கண்டதில்லை. வேறொருவர் உரையில் கேட்டதையே எம் உரையில் சேர்த்திருந்தோம்.

மூன்று வாரங்களுக்குப் பின் அஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. அவள் தேடிப் பார்த்துவிட்டாள். நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கணினியில் படித்ததாகவும், நுண்கணிதம் என்று சொல்லத்தக்கது எதுவும் அதில் தனக்குத் தென்படவில்லை என்றும் எழுதியிருந்தாள். "ஆனால் ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அவ்வெண் மாறாமல் அப்படியே இருக்கும் என்று அதில் உள்ளது. எங்கள் பாடநூல் சுழியால் வகுக்கவே கூடாது என்கிறது. ஆனால் வகையிடல் கணக்கில் ஒரு சிறிய அளவால் வகுத்துவிட்டு, கடைசி வரியில் அந்த அளவைச் சுழி என்று வைத்து விடை எழுதுகிறோம். இம்மூன்றில் எது சரி ஐயா?"

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். சேலத்தில் புகுமுக வகுப்புப் பயின்ற காலத்தில் இதே வினாவை யாமும் கேட்டதுண்டு. "இது தேர்வில் வராது, சூத்திரத்தை எழுது" என்பதே அன்று கிடைத்த விடை. சூத்திரத்தை எழுதினோம், தேறினோம், கணக்குப் பிரிவில் வேலைக்குச் சென்றோம், ஓய்வும் பெற்றோம். வினா மட்டும் விடையின்றியே கிடந்தது. இப்போது அது வேறொரு பிள்ளையின் கையெழுத்தில் திரும்பி வந்திருக்கிறது.

அவள் நிலை எம்மினும் கடினம். அன்று இவ்வட்டாரத் தனியார் பள்ளிகள் சிலவற்றில் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே இரண்டாண்டுகள் உருப்போட வைக்கும் வழக்கம் இருந்தது. பொதுத்தேர்வு மதிப்பெண்ணே நோக்கம். இத்தகைய பள்ளிகளுக்கு, நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளை மனத்திற்கொண்டு, 'பிராய்லர் பள்ளி' என்று செய்தித்தாள்கள் பெயரிட்டன. உயிர்க்கொலை விலக்கிய நம் செவிக்கு அச்சொல் இருமடங்கு கசக்கிறது. அது நிற்க, மாநிலப் பாடத்திட்டத்தில் 'எல்லை' என்னும் பாடம் பதினொன்றாம் வகுப்பில்தான் உள்ளது. வகையிடலின் வேரே அதுதான். வேரை வெட்டிவிட்டுக் கிளையை நட்டால் பிள்ளை என்ன செய்யும்? 2017-18ஆம் கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொணரப்பெற்றது. இவ்வழக்கத்தைத் தடுப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. 2025-26 முதல் அத்தேர்வு நீக்கப்பெற்றுவிட்டது. ஆகவே பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகள் உள்ள பெற்றோர், எல்லைப் பாடம் நடத்தப்பெறுகிறதா என்று ஒருமுறை குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பது நன்று.

முதலில் அவளுடைய வினாவுக்கு விடை காண்போம். இச்சமவெளியில் ஆழமான கிணறுகளுக்குப் பஞ்சமில்லை. இருபது மீட்டருக்கு மேலும் ஆழமுள்ள ஒரு கிணற்றில் கல்லொன்றை நழுவவிடுவதாகக் கொள்வோம். விழுந்த தூரம், வினாடியின் இருமடியை ஏறக்குறைய ஐந்தால் பெருக்கிய மீட்டர் ஆகும். இரண்டு வினாடியில் 20 மீட்டர். சரியாக இரண்டாம் வினாடி முடியும் அக்கணத்தில் கல்லின் வேகம் என்ன? கணத்திற்குக் கால அளவு இல்லை, அதில் கடந்த தூரமும் இல்லை. சுழியைச் சுழியால் வகுக்க இயலாது. எனவே கணத்தை விட்டு, அதனையடுத்த ஒரு சிறு பொழுதை எடுத்துக்கொள்கிறோம்.

2 வினாடியிலிருந்து 2.1 வினாடி வரை கல் கடப்பது 2.05 மீட்டர். அதை 0.1ஆல் வகுத்தால் வேகம் 20.5. பொழுதைச் சுருக்கி 2.01 வரை பார்த்தால் 0.2005 மீட்டர், வேகம் 20.05. 2.001 வரை பார்த்தால் 20.005. பொழுதை மேன்மேலும் சுருக்கச் சுருக்க விடை 20ஐ நெருங்குகிறது. எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்று நீங்கள் கேட்டாலும், அதற்கேற்ற சிறு பொழுதை எம்மால் தர இயலும். இவ்வாறு நெருங்கப்படும் எண்ணுக்கே 'எல்லை' என்று பெயர். இதில் எந்த இடத்திலும் சுழியால் வகுக்கவில்லை என்பதைக் காண்க. வகுத்தபோதெல்லாம் சுழியல்லாத அளவாலேயே வகுத்தோம். கடைசி வரியில் 'சுழி என வைக்க' என்று எழுதுவது சுருக்கெழுத்து. அச்சுருக்கெழுத்தை மட்டும் கற்பித்து, அதன் விரிவைக் கற்பிக்காமல் விட்டால் மாணவர் மயங்குவது இயல்பே.

இம்மயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. நியூட்டன் 1665, 1666 ஆகிய ஆண்டுகளில் தம் முறையை வகுத்தார். லைப்னிட்ஸ் 1684இல் தம் முறையை அச்சிட்டார். 1734இல் பெர்க்லி என்னும் பாதிரியார், முதலில் ஓர் அளவு உண்டு என்று கொண்டு வகுத்துவிட்டுப் பின்னர் அது இல்லை என்பது எந்த நியாயம் என்று கணித அறிஞரை நோக்கிக் கடுமையாக வினவினார். சேலத்து வகுப்பறையில் யாம் கேட்டதும் நாமக்கல் மாணவி கேட்டதும் இதுவேயன்றோ! அறிஞர் உலகத்திற்கே உடன் விடை தெரியவில்லை. 1821இல் கோஷி எழுதிய பாடநூலிலும், அதன்பின் வையர்ஸ்ட்ராஸ் ஆற்றிய பணியிலும்தான் எல்லை என்னும் கருத்து தெளிவாக வரையறுக்கப்பட்டது. நியூட்டனுக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடி அலைந்த வினாவை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தானே கேட்டால், அதைத் தேர்வில் வராத வினா என்று தள்ளுவது எவ்வளவு பெரிய இழப்பு!

இனி மகாவீராசாரியரிடம் வருவோம். அவளுக்கு விடையெழுதுமுன் அந்நூலைப் படித்தாக வேண்டும் என்று துணிந்து, சென்னை நண்பர் ஒருவர் வாயிலாகப் படியெடுத்துப் பெற்றோம். இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷ நிருபதுங்கர் காலத்தில், கி.பி. 850ஐ ஒட்டி இயற்றப்பெற்ற வடமொழி நூல் அது. நெடுங்காலம் ஏட்டுச் சுவடியாகவே கிடந்த அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் பதிப்பித்தவர், சென்னை மாநிலக் கல்லூரி வடமொழிப் பேராசிரியர் ரங்காசாரியர். சென்னை அரசு அச்சகத்தில் அச்சேறியது. ஆக, உலகம் மகாவீராசாரியரை அறிந்தது நம் சென்னைப் பதிப்பால்தான்.

மாணவி எழுதியது முற்றும் உண்மை. சுழியால் வகுத்த எண் மாறாது என்றே ஆசாரியர் கூறுகிறார். கூடையில் மாம்பழம் இருக்கிறது, பங்கு பெறுவோர் ஒருவருமில்லை, ஆகவே பழம் அப்படியே இருக்கிறது என்பது போன்ற எண்ணம் அவர் உள்ளத்தில் இருந்திருக்கலாம் என்பது எம் கருத்து. எவ்வாறாயினும் அவ்விதி பிழையே. அவருக்கு முன் 628இல் நூல் செய்த பிரம்மகுப்தர், சுழியைச் சுழியால் வகுத்தால் சுழி என்றார். அதுவும் பிழையே. 1150இல் சித்தாந்த சிரோமணி இயற்றிய பாஸ்கராசாரியர், சுழியை வகுஎண்ணாகக் கொண்ட அளவு முடிவிலியாம் என்றார். அதுவும் இன்றைய கணிதத்தில் அப்படியே ஏற்கத்தக்கதன்று. ஆயினும் கோளொன்று ஒரு கணத்தில் கொண்டுள்ள வேகத்தைத் 'தாத்காலிக கதி' எனப் பெயரிட்டுக் கணக்கிட்டவர் அதே பாஸ்கரர். கிணற்றுக் கல்லைப் பற்றி நாம் கேட்ட வினாவை அவர் கோள்களைப் பற்றிக் கேட்டார் என்க.

கணித சார சங்கிரகத்தில் போற்றத்தக்கவை பல உண்டு. பின்னங்களைக் கூட்டுதற்கு மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தும் முறை, பல பொருள்களுள் சிலவற்றைத் தெரிந்தெடுக்கும் வகைகளை எண்ணும் பொதுவிதி, எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்னும் தெளிவு ஆகியவை அவற்றுட் சில. நுண்கணிதம் அதில் இல்லை. மேடையில் யாம் முழங்கியது தவறு.

அப்படியாயின் நம் ஆசாரியர்களின் கணக்கிற்கும் நுண்கணிதத்திற்கும் தொடர்பே இல்லையா? இங்கேதான் எமக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. அது யாம் தேடிய இடத்தில் இல்லை, ஆகம உரையில் இருந்தது.

புஷ்பதந்தரும் பூதபலியும் இயற்றிய ஷட்கண்டாகமத்திற்கு வீரசேனாசாரியர் எழுதிய தவளை என்னும் பேருரை ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்தது. மூடபித்ரியில் ஏட்டுச் சுவடிகளாகப் பூட்டிக் காக்கப்பெற்ற அதனை ஹீராலால் ஜைன் 1939 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டார். 1942இல் வெளிவந்த நான்காம் பகுதியில் லக்னோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங், தவளையின் கணிதத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிச் சேர்த்தார். கணித வரலாற்றாளர் பலர் தவளையை அறிந்தது அதன் பின்னரே. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்று எண்ணும் 'அர்த்தச்சேதம்' அதில் உண்டு. 16க்கு அது 4. இன்றைய மடக்கையை அறிந்தோர்க்கு இது பழகிய முகம். எண்ணத்தக்கது, எண்ணற்கரியது, அனந்தம் எனப் பகுத்து, அனந்தத்திலும் வகைகள் கண்ட நம் மரபைப் பலரும் அறிவர். எம்மை நிறுத்தி வைத்தது இவையல்ல, உலக வடிவத்தைப் பற்றிய ஒரு கணக்கு.

உலகத்தின் கனஅளவு 343 கன ரஜ்ஜு என்பது மரபு. அதன் கீழ்ப்பகுதி கவிழ்த்த வாளி போன்றது, அடியில் விட்டம் 7 ரஜ்ஜு, மேலே 1 ரஜ்ஜு, உயரம் 7 ரஜ்ஜு என்று ஒரு கொள்கை வழங்கியது. வீரசேனர் அதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. முதலில் அளந்து பார்ப்போம் என்றார். கூம்பின் இடைக்கண்டத்துக்கு இன்று பாடநூலில் ஆயத்தச் சூத்திரம் உண்டு. அவர் அதைத் தாமே வெட்டி வெட்டிக் கண்டார்.

வாளியின் நடுவே 1 ரஜ்ஜு விட்டமுள்ள உருளையை எடுத்துவிடுக. எஞ்சுவது, அடியில் தடித்து மேலே ஒன்றுமில்லாமல் மெலியும் ஒரு வளையம். அதை ஓரிடத்தில் கீறி, பாய் விரிப்பது போல் விரித்திடுக. நடுவில் ஆப்பு வடிவான ஒரு பகுதி கிடைக்கும், அதை அளப்பது எளிது. இருபுறமும் கூராகச் சரியும் மூலைத்துண்டுகள் இரண்டு எஞ்சும். அவையே தொல்லை. ஒரு மூலைத்துண்டைப் பாதி உயரத்திலும் பாதி நீளத்திலும் வெட்டினால், எளிதில் அளக்கத்தக்க பகுதி வெளிவரும். கூடவே, முன்னதைப் போன்றே வடிவமுடைய சிறு மூலைத்துண்டுகள் இரண்டு எஞ்சும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பாதியாதலின் ஒவ்வொன்றின் கனஅளவும் எட்டில் ஒன்று. இரண்டும் சேர்ந்து கால் பங்கு. அவற்றையும் அவ்வாறே வெட்டுக. மீண்டும் எஞ்சும், மீண்டும் வெட்டுக. முதல் வெட்டில் அளந்தது ஒன்று என்றால் அடுத்ததில் கால், அதற்கடுத்ததில் கால்வாசியில் கால். முடிவில்லாமல் தொடரும் இவ்வரிசையின் தொகை யாது?

இதை எம் பெயரப்பிள்ளைகளுக்கு வெல்லத்தைக் கொண்டு விளக்கினோம். சதுர அச்சில் வார்த்த ஒரு வெல்லக்கட்டி, பங்குக்கு மூவர். கட்டியை நான்காக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தோம். எஞ்சிய ஒன்றை மீண்டும் நான்காக வெட்டி ஆளுக்கொன்று. எஞ்சியதை மீண்டும் நான்காக. நம் பாட்டிமார் வழங்கிய பின்னப் பெயர்களாலேயே சொன்னால், ஒவ்வொருவரும் பெற்றது கால், பிறகு வீசம், பிறகு கால்வீசம். மூன்று முறைக்குப் பின் ஒருவர் கையில் 64இல் 21 பங்கு, பலகையில் மிஞ்சியது கால்வீசம் மட்டுமே. மூவரும் சமமாகப் பெறுகின்றனர், மிச்சமோ தேய்ந்துகொண்டே போகிறது. ஆகவே ஒருவர் பங்கு மூன்றில் ஒன்றை நெருங்கியே தீரும். மிச்சத்தை எறும்புக்கு வைத்துவிடலாம் என்றான் கடைக்குட்டி. எல்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எமக்குத் தெரியாது. கால், வீசம், கால்வீசம் என முடிவின்றிச் செல்லும் தொடரின் தொகை 1/3. முதலில் உள்ள ஒன்றையும் சேர்த்தால் 4/3. வீரசேனரின் வெட்டும் இத்தொகையிலேயே முடிகிறது.

மேற்பகுதியையும் வட்ட வடிவாகவே கொண்டு கணக்கிட்டுக் கூட்டியபோது அவருக்குக் கிடைத்தது 164ஐச் சற்றே கடந்த கன ரஜ்ஜு. 343 வரவேயில்லை. ஆகவே வட்ட வடிவக் கொள்கை மரபின் அளவோடு பொருந்தாது என்று நிறுவி, எங்கும் 7 ரஜ்ஜு தடிப்புடைய வடிவத்தை நிலைநாட்டினார். அவர் கையாண்ட பரிதி விதியில் 16 என்னும் எண் ஒருமுறை மிகையாக வருகிறது. அதை நீக்கினால் பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 355/113 என மிக நுட்பமாக அமையும். மிகையோடு கணக்கிட்டதால் தொகை சில அலகுகள் கூடிவிட்டது, எனினும் முடிவு மாறவில்லை. இதையும் மறைக்காமல் மாணவிக்கு எழுதினோம்.

தவளையோடு நின்றிருப்போம். ஆனால் அந்த மூன்றில் ஒன்று எம்மை விடவில்லை. கூம்பின் கனஅளவு உருளையின் மூன்றில் ஒரு பங்கு என்று பள்ளியில் படித்தோம். இருமடியைத் தொகையிட்டால் மும்மடியை மூன்றால் வகுத்தது வரும் என்று புகுமுக வகுப்பில் உருப்போட்டோம். அந்த மூன்று எங்கிருந்து வருகிறது? இவ்வினாவுக்கு விடை கிடைத்த இடம், சேலத்திலிருந்து ஈரோடு வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து செல்லும் இருப்புப்பாதையின் மறுபக்கம், கேரளம்.

சங்கமகிராமத்து மாதவர் ஏறக்குறைய 1340 முதல் 1425 வரை வாழ்ந்தவர். அவர் வழிவந்த ஜ்யேஷ்டதேவர் 1530ஐ ஒட்டி எழுதிய யுக்திபாஷை, சூத்திரங்களை மட்டும் அடுக்காமல் ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டும் நூல். அதுவும் வடமொழியில் அன்று, மக்கள் மொழியாகிய மலையாளத்தில்! தமிழ் வழியில் கணிதம் பயின்ற எமக்கு இச்செய்தி தந்த ஊக்கம் சிறிதன்று. இம்மரபை 1834இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியுலகுக்குக் கூறியவர் கும்பெனி அலுவலர் விஷ். அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1944இல் சென்னைக் கணித அறிஞர் சி. டி. ராஜகோபால், முகுந்த மாரார் என்பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பின்னரே ஆராய்ச்சி மீண்டும் சூடு பிடித்தது. சென்னையில் வாழ்ந்து பல சுவடிகளைப் பதிப்பித்த கே. வி. சர்மாவின் யுக்திபாஷைப் பதிப்பு, ஆங்கில மொழிபெயர்ப்புடன், அவர் மறைவுக்குப் பின் 2008இல் வெளிவந்தது.

அந்நூல் காட்டும் வழியில் தாளும் எழுதுகோலும் கொண்டு யாமே செய்து பார்த்தோம். 1 முதல் 10 வரையுள்ள எண்களின் இருமடிகளைக் கூட்டினால் 385. அதைப் பத்தின் மும்மடியாகிய 1,000ஆல் வகுத்தால் 0.385. 100 வரை கூட்டினால் 3,38,350. நூறின் மும்மடி பத்து இலட்சம், ஆகவே 0.33835. ஆயிரம் வரை கூட்டினால் 33,38,33,500. நூறு கோடியால் வகுக்க 0.3338335. எண்ணிக்கை பெருகப் பெருக விடை மூன்றில் ஒன்றை நோக்கி இறங்குகிறது. அரிசியை ஒவ்வொரு மணியாக எண்ணாமல் படியால் அளப்பது போல, கோடிக்கணக்கான மெல்லிய அடுக்குகளின் தொகையை ஒரே வீச்சில் தருகிறது தொகையிடல். யாம் உருப்போட்ட மூன்று இதுவே. நாற்பதாண்டுகள் தாழ்த்து இதைக் கண்டபோது கண்கள் பனித்தன என்று எழுதினால் சிலர் நகைக்கலாம், நகைக்கட்டும்.

மாதவர் மரபினர் இதே வழியில் நான்மடிக்கு 1/5, ஆறாம் மடிக்கு 1/7 எனக் கண்டு, வட்டத்தின் பரிதிக்கு ஒரு தொடர் அமைத்தனர். ஒன்றிலிருந்து 1/3ஐக் கழித்து, 1/5ஐக் கூட்டி, 1/7ஐக் கழித்து, 1/9ஐக் கூட்டி இவ்வாறே சென்று, நான்கால் பெருக்கினால் பரிதி விகிதம் வரும். ஆனால் இத்தொடர் எருமை நடை நடக்கும். ஐந்து உறுப்புகள் கூட்டினால் 3.3397தான். அவர்கள் அதற்கும் ஒரு திருத்தம் கண்டனர். ஐந்து உறுப்புகளுக்குப் பின் 5/101ஐக் கழித்துவிட்டு நான்கால் பெருக்குக. 3.1417 வந்து நிற்கும். உண்மை மதிப்பு 3.1416. பிள்ளைகளிடம் கணிப்பானைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், அவர்கள் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

இத்துணையும் நுண்கணிதமா? அதன் உயிர்நாடியான கருத்துகள் பல இங்கே உள்ளன என்பது எம் துணிபு. ஆனால் எந்தச் சார்புக்கும் பொருந்தும் பொதுமுறையாக அதை ஆக்கியதும், வகையிடலும் தொகையிடலும் ஒன்றுக்கொன்று எதிர்ச்செயல் என்று கண்டு இரண்டையும் ஒரே கருவியாகப் பிணைத்ததும் நியூட்டன், லைப்னிட்ஸ் காலத்துப் பணி. கேரளக் கணக்கு கப்பலேறி ஐரோப்பா சென்றது என்பாரும் உளர். அதற்கு நேர்ச்சான்று இதுவரை கிடைக்கவில்லை. சான்று இல்லாததை மேடையில் கூறிப் பட்ட அவமானம் எமக்கு ஒருமுறையே போதும்.

2016ஆம் ஆண்டு ஜெயந்தி விழாவில் அதே மேடையில் நின்று, முன்னாண்டு கூறியது தவறு என்று அறிவித்து, வீரசேனரின் கணக்கை விளக்கினோம். கைத்தட்டல் குறைவாகவே இருந்தது. பெரியவர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்து, "நம் ஆசாரியரின் பிழையைப் பிள்ளைகள் முன்னே நாமே எடுத்துக் கூறலாமா? பெருமையை வளர்க்கும் நாளில் இது தேவையா?" என்று மனம் நொந்து வினவினார். அவர் வருத்தம் எமக்குப் புரிந்தது. சிறுபான்மையினும் சிறுபான்மையாக ஊர்தோறும் சிதறி வாழும் நமக்கு ஒரு சொல் பெருமையும் பெரிது. "ஐயா, மரபில் வழங்கிய வடிவத்தையே வீரசேன சுவாமிகள் அளந்து பார்த்துத்தானே ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்தார்?" என்று மட்டும் கூறினோம். அவர் முழுதும் அமைதியடையவில்லை. ஆயினும் அந்த வெல்லக் கணக்கைத் தம் பெயரனுக்கும் எழுதித் தருமாறு கேட்டு வாங்கிச் சென்றார்.

மாணவிக்கு யாம் எழுதிய நீண்ட விடைக் கடிதத்தின் இறுதியில், இருமடிக்குச் செய்ததை மும்மடிக்கும் செய்து காட்டியிருந்தோம். 1 முதல் 10 வரையுள்ள எண்களின் மும்மடித் தொகை 3,025. பத்தின் நான்மடியால் வகுத்தால் 0.3025. நூறு வரையிலான தொகை 2,50,50,250 என்று எழுதி, விடை நாலில் ஒன்றை நெருங்குவதைக் காண்க என்று முடித்திருந்தோம். பத்து நாளில் அஞ்சலட்டை வந்தது. நன்றி கூறியிருந்தாள். எல்லைப் பாடத்தைப் பழைய பாடநூல் வாங்கித் தானே படித்து வருவதாக எழுதியிருந்தாள். கீழே, சிறிய எழுத்தில்: "ஐயா, நூறு வரை கூட்டினால் 2,55,02,500 வருகிறது. விடை 0.255025. நீங்கள் கூட்டியதில் எங்கோ பிழை இருக்கிறது."